லாரி ராபின்சன்: தடுப்பாட்டக்காரர் பயிற்சியாளரானபோது

2000ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, வட அமெரிக்காவின் பனித்தள ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீகில் (என்.எச்.எல்.) 41 வெற்றிகளுடன் முன்வரிசையில் இருந்த நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி, தன் தலைமைப் பயிற்சியாளர் ராபி ஃபடோரெக்கைப் பணியிலிருந்து நீக்கியது. பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் எஞ்சியிருந்தவை எட்டு மட்டுமே. அணி சில வாரங்களாகத் தடுமாறிக்கொண்டிருந்தது உண்மைதான் என்றாலும், வென்றுகொண்டிருக்கும் அணியின் பயிற்சியாளரை அந்தக் கட்டத்தில் மாற்றுவது லீகில் அரிது. பொது மேலாளர் லூ லாமொரெல்லோ அந்த இடத்தில் அமர்த்தியவர், அதுவரை அதே பெஞ்சுக்குப் பின்னால் துணைப் பயிற்சியாளராக நின்றுகொண்டிருந்த 48 வயது லாரி ராபின்சன். பதினோரு வாரங்கள் கழித்து, ஜூன் 10ஆம் தேதி, டெவில்ஸ் அணி லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

இத்துடன் நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் இதே ராபின்சன், இதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்கு நான்கு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 122 வெற்றி, 161 தோல்வி, 45 சமநிலை என்ற கணக்குடன் வெளியேறியவர். கோப்பை வென்று இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் டெவில்ஸும் அவரை நீக்கியது. 2005இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது, பருவத்தின் நடுவில் அவரே பதவியைத் துறந்தார். தலைமைப் பயிற்சியாளராக அவர் நடத்திய 501 வழக்கமான ஆட்டங்களில் வெற்றி 209, அதாவது பாதிகூட இல்லை. விளையாட்டு வரலாற்றின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரின் பயிற்சி வாழ்க்கை ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் சென்றது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராபின்சன் இயல்பிலும் பயிற்சியிலும் ஒரு துணைப் பயிற்சியாளர், 2000இல் தலைமை இருக்கையில் அமர்ந்தபோதும் அவர் செய்தது பெரும்பாலும் துணைப் பயிற்சியாளரின் வேலைதான், அந்த எட்டு ஆட்டங்களுக்கும் பிளேஆஃபுக்கும் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளுக்கும்) அதுவே தேவையாகவும் இருந்தது.

ஆட்டக்காரராக

ராபின்சன் 1951 ஜூன் 2 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்செஸ்டரில் பிறந்து, மார்வல்வில் என்ற சிற்றூரில் ஒரு பால் பண்ணையில் வளர்ந்தார். இளம் வயதில் முன்வரிசையில் ஆடியவர் தடுப்பாட்டத்துக்கு வந்தது பிராக்வில் அணியில் ஆடியபோதுதான். 1971ஆம் ஆண்டு இளம் வீரர்கள் தேர்வில் மொன்றியல் கனேடியன்ஸ் அணி முதல் இடத்தில் கீ லாஃப்ளூரையும், இருபதாவது இடத்தில் ராபின்சனையும் எடுத்தது. லாஃப்ளூர் நேராக மொன்றியலின் பனித்தளத்துக்குச் சென்றார். ராபின்சனோ நோவா ஸ்கோஷியாவில் இருந்த துணை அணிக்கு அனுப்பப்பட்டு, 1973 ஜனவரியில்தான் முதல் அணிக்கு வந்தார். அந்தக் காத்திருப்பு அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பொது மேலாளர் சாம் பொலக் காலத்தில் இளம் தடுப்பாட்டக்காரர்களைப் பொறுமையாக வளர்ப்பது மொன்றியலின் வழக்கமாக இருந்தது. அவர் வந்த பருவத்திலேயே அணி கோப்பையை வென்றது. பிறகு 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை, 1986இல் ஒருமுறை என, ஆட்டக்காரராக ஆறு கோப்பைகள் அவர் கணக்கில் சேர்ந்தன.

தடுப்பாட்டக்காரரின் வேலையை இங்கே சற்று விளக்க வேண்டும். பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்து கிளைப்பவை. பனித்தளத்தில் கோல்காப்பாளரைத் தவிர ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவர். அவர்களில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். எதிரணி வீரர் பக்குடன் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டுடன்) வேகமாக வரும்போது தடுப்பாட்டக்காரர் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவரை எதிர்கொள்கிறார். இருவருக்கும் இடையிலான தூரம் அதிகமானால் வருபவருக்குக் கோலை நோக்கி அடிக்க இடம் கிடைக்கும். குறைந்தால் அவர் சுற்றிக்கொண்டு கடந்துவிடுவார். அந்தத் தூரத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, எதிராளியை நடுத்தளத்திலிருந்து பலகைச் சுவரின் பக்கமாகத் தள்ளிச் செல்வதே அடிப்படைத் திறன். பக் கையில் வந்தவுடன், அழுத்தம் சூழ்வதற்குள், முன்வரிசை வீரருக்கு முதல் பாஸைச் சரியாகக் கொடுப்பது இரண்டாவது திறன். உடல் மோதல் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படும். ஆட்டத்தைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

ஆறடி நான்கு அங்குல உயரமும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட ராபின்சனுக்கு மோதலும் கைவந்த கலை. 1976 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸின் கேரி டார்ன்ஹாஃபரை அவர் மோதிய வேகத்தில் தளத்தைச் சுற்றியிருந்த பலகைச் சுவர் உள்வாங்கிப்போய், அதைச் சீராக்க ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளும் முரட்டுத்தனத்தால் கோப்பை வென்ற ஃப்ளையர்ஸ், முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்கே உரிய அந்தத் தொடரில் 4–0 என்று தோற்றது. ஆயினும் அவருடைய உண்மையான மதிப்பு வேறோர் எண்ணில் இருக்கிறது. சம எண்ணிக்கையில் ஆடும்போது, ஒரு வீரர் தளத்தில் இருக்கையில் தன் அணி கோல் அடித்தால் அவருக்குக் கூட்டல் ஒன்று, எதிரணி அடித்தால் கழித்தல் ஒன்று என்று லீக் கணக்கிடுகிறது. 1976–77 பருவத்தில் ராபின்சனின் கணக்கு கூட்டல் 120. ஒரே பருவத்தில் இதை விஞ்சியவர் பாபி ஓர் மட்டுமே; 1970–71இல் அவர் எடுத்தது கூட்டல் 124. அந்தப் பருவத்தில் மொன்றியல் 80 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே தோற்றது என்பதால் இந்த எண்ணில் அணியின் பங்கும் பெரிது. ஆனாலும் முழு வாழ்க்கைக் கணக்கில் எழுநூறைத் தாண்டி முதலிடத்தில் நிற்பவரும் ராபின்சன்தான்.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை 1977, 1980 ஆகிய ஆண்டுகளிலும், பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதை 1978இலும் பெற்றார். செர்ஜ் சாவார், கீ லாப்வான்ட் ஆகியோருடன் சேர்ந்து ‘பெரிய மூவர்’ என்று அழைக்கப்பட்டார். மொன்றியலில் 17 பருவங்கள், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் மூன்று என ஆடிய 20 பருவங்களிலும் அவருடைய அணி ஒருமுறைகூடப் பிளேஆஃபுக்குத் தகுதி பெறாமல் போனதில்லை. 1,384 ஆட்டங்களில் 208 கோல்கள், சக வீரர் கோல் அடிக்கக் கொடுத்த 750 உதவிகள் என்ற கணக்குடன் 1992இல் ஓய்வு பெற்றார்.

இவ்வளவு நீண்ட ஆட்ட வாழ்க்கையில், பயிற்சியாளரின் பார்வையிலிருந்து எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. 1981 முதல் மொன்றியலின் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜாக் லாப்பெரியேரும் ஒரு பழைய நோரிஸ் விருதாளர். ராபின்சன் அணிக்கு வந்த காலத்தில் அவருடன் சேர்ந்து ஆடியவர். தலைமைப் பதவியைத் தேடாமல், தடுப்பாட்டக்காரர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பதையே ஒரு முழு வாழ்க்கையாக நடத்த முடியும் என்பதற்கான முன்மாதிரியை ராபின்சன் எட்டு ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருந்தார். ஓய்வுக்குப் பின் அவர் எடுத்த முதல் வேலையும் அத்தகையதே.

நியூ ஜெர்சியில் துணைப் பயிற்சியாளர்

1993இல் டெவில்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஜாக் லெமேர், மொன்றியலில் ராபின்சனுடன் ஆடியவர்; தன் முன்னாள் சக வீரரையே தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக அழைத்துக்கொண்டார். அன்றைய டெவில்ஸ் நடுத்தளத்தை அடைத்து ஆடும் உத்திக்காகப் பெயர் பெற்றது. ரசிகர்களில் பலர் அதைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று வெறுத்தனர். எதிராளியைப் பலகைச் சுவரின் பக்கம் ஒதுக்கி, பாஸ் கொடுக்கும் வழிகளை மூடி, பக்கைப் பறிப்பது அதன் சாரம். லெமேர் வரைந்த அந்தத் திட்டம் ஓடுவதற்கு, பின்வரிசையில் நிற்கும் இருவரும் தூரத்தையும் கோணத்தையும் பிழையின்றிக் கணிக்க வேண்டும். ராபின்சன் இருபது ஆண்டுகள் செய்துவந்தது அதைத்தான்.

விளைவு உடனே தெரிந்தது. முரட்டு மோதல்களுக்குப் பேர்போன அணித்தலைவர் ஸ்காட் ஸ்டீவன்ஸ், 1993–94 பருவத்தில் 78 புள்ளிகளும் (கோல்களும் உதவிகளும் சேர்ந்த கணக்கு) கூட்டல் 53 என்ற கணக்கும் எடுத்து, நோரிஸ் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். சறுக்குவதில் இணையற்றவரான இளைஞர் ஸ்காட் நீடர்மேயர், தாக்கவும் தெரிந்த தடுப்பாட்டக்காரராக இங்கேதான் முதிர்ந்தார். 1995 இறுதித் தொடரில், பெரும்பாலோர் வெல்லும் என்று எதிர்பார்த்த டெட்ராய்ட் ரெட் விங்ஸை டெவில்ஸ் 4–0 என்று வீழ்த்தியது. இந்த வளர்ச்சி முழுவதையும் ஒரு துணைப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதுவது மிகை. மார்ட்டின் ப்ரொடூர் போன்ற கோல்காப்பாளர் பின்னால் நின்றால் எந்தத் தடுப்பாட்டமும் சற்று மேம்பட்டே தெரியும். ஆனால் ராபின்சன் போன இடமெல்லாம் தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறினர் என்பதை அடுத்து வந்த தோல்விக் காலமும் காட்டுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ்: நான்கு ஆண்டுகள்

1995இல் கிங்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தபோது அது திவாலாகி, உரிமையாளர் கைமாறிக்கொண்டிருந்த அணி. முதல் பருவத்திலேயே, 1996 பிப்ரவரியில், வெய்ன் கிரெட்ஸ்கி செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ராபின்சன் கிங்ஸில் ஆடிய காலத்துச் சக வீரர் அவர். அணியின் முகமும் அவரே. மீதமிருந்தவர்களை வைத்து 24, 28, 38, 32 என்று பருவவாரியாக வெற்றிகள் வந்தன. பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது ஒரே ஒருமுறை, 1998இல்.

அந்த ஒரு தொடரையும் குறிப்பிட்டாக வேண்டும். எதிரணி செயின்ட் லூயிஸ் புளூஸ். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கிங்ஸ் 3–0 என்று முன்னிலையில் இருந்தது. புளூஸின் ஜெஃப் கோர்ட்னல் கோல்காப்பாளர் ஜேமி ஸ்டோர் மீது மோத, கிங்ஸின் தடுப்பாட்டக்காரர் ஷான் ஓ’டானல் அவரைத் தாக்கி ஐந்து நிமிடப் பெனால்டி வாங்கினார்; அந்த நேரத்தில் அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். சாதாரண இரண்டு நிமிடப் பெனால்டியில் எதிரணி ஒரு கோல் அடித்தவுடன் தண்டனை முடிந்துவிடும். ஐந்து நிமிடப் பெனால்டி எத்தனை கோல் விழுந்தாலும் முழுமையாக ஓடும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் புளூஸ் நான்கு கோல் அடித்து 4–3 என்று வென்றது. தொடரும் 4–0 என்று முடிந்தது. கோல்காப்பாளரைத் தொட்டவனை விடக்கூடாது என்பது தடுப்பாட்டக்காரர்களிடையே எழுதப்படாத சட்டம். ராபின்சனும் அதே மரபில் வந்தவர்தான். ஆனால் நான்கு கோல்கள் விழுவதை எந்த நிலையிலாவது நிறுத்துவது பெஞ்சின் வேலை. ஆட்டத்தின் ஓட்டத்தை மாற்ற ஆட்களை மாற்றுவது, நேர இடைவேளை கேட்பது, கொதிப்பை அடக்குவது எல்லாம் தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பில் வருபவை.

இதே பருவத்தில், இதே அணியில், ராப் பிளேக் என்ற தடுப்பாட்டக்காரர் நோரிஸ் விருதை வென்றார் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளேக் லீகுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ராபின்சனின் சக வீரர். பின்னர் அவருடைய பயிற்சியின் கீழ் ஆடியவர். அணி சரியாக ஓடாதபோதும் அதன் தடுப்பாட்டக்காரர் லீகிலேயே சிறந்தவராக எழுகிறார். கற்பிக்கும் திறன் குறையவில்லை. அதைத் தாண்டிய நிர்வாகம் கூடிவரவில்லை என்பதே இதன் பொருள். 1999இல் கிங்ஸ் அவரை விடுவித்தது.

2000: என்ன நடந்தது

அதே ஆண்டு ராபின்சன் டெவில்ஸுக்குத் துணைப் பயிற்சியாளராகவே திரும்பினார். ஒரு பருவம் முழுவதும் அதே வீரர்களுடன் பழகியிருந்ததால், மார்ச் மாதம் தலைமை கைக்கு வந்தபோது அவர் புதிதாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. கடைசி எட்டு ஆட்டங்களில் நான்கை வென்று நான்கில் தோற்றார். பெரும் எழுச்சி என்று அதைச் சொல்ல முடியாது. பிளேஆஃபில்தான் மாற்றம் தெரிந்தது. முதல் சுற்றில் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 4–0 என்று வெளியேறியது. இரண்டாம் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியால் அறுபது நிமிடத்தில் கோலை நோக்கி ஆறு முறை மட்டுமே அடிக்க முடிந்தது. இந்தத் தொடர்களில் ஆடிய தடுப்பாட்டக்காரர்களில் பிரயன் ராஃபால்ஸ்கியும் காலின் வைட்டும் அறிமுகப் பருவத்தில் இருந்தவர்கள். ராஃபால்ஸ்கி ஃபின்லாந்து லீகிலிருந்து 26 வயதில் வந்து, அணித்தலைவர் ஸ்டீவன்ஸுக்கு ஜோடியாக நிறுத்தப்பட்டவர். புதியவர்களை இவ்வளவு பொறுப்பில் நிறுத்தும் துணிவு, அவர்களைப் பயிற்சித் தளத்தில் தினமும் பார்த்தவருக்கே வரும்.

மூன்றாம் சுற்றில் ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் 3–1 என்று முன்னிலை பெற்றது. நான்காவது ஆட்டத்தை உள்ளூரில் தோற்ற பின், ஓய்வறையில் ராபின்சன் குப்பைத் தொட்டியை உதைத்துத் தள்ளிக் கத்தித் தீர்த்தார். அவருடைய வாழ்க்கையைப் பற்றிய எல்லா விவரிப்பிலும் இந்தக் காட்சி இடம்பெறும். கோபம் வீரர்களை எழுப்பிவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. கத்தும் பயிற்சியாளர்கள் லீகில் ஏராளம். அவர்கள் கத்தும்போது வீரர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். ராபின்சனோ சாந்தமானவர்; தவறு செய்தவரைத் தனியாக அழைத்துத் திருத்தும் துணைப் பயிற்சியாளராகவே அவர்கள் அவரை அறிந்திருந்தனர். தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே பொறுமை இழந்தார் என்பதுதான் அவர்களை உலுக்கியிருக்க வேண்டும். இது ஒருமுறைதான் பலிக்கும் மருந்து.

அடுத்த மூன்று ஆட்டங்களை டெவில்ஸ் 4–1, 2–1, 2–1 என்று வென்றது. கோபத்தால் கோல் அடிக்கலாம். ஆனால் எதிரணியை மூன்று ஆட்டங்களிலும் ஒற்றைக் கோலோடு நிறுத்துவதற்குக் கோபம் போதாது. அது இடம் அறிந்து நிற்கும் ஆட்டத்தின் வெற்றி. ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸின் தோள் மோதலில் எரிக் லிண்ட்ராஸ் நினைவிழந்து விழுந்தார். அன்றைய விதிகளின்படி அது தவறன்று. இன்று அதைப் பார்க்கும் எவருக்கும் மனம் கூசும். தலைக்காயங்களைப் பற்றிப் பின்னாளில் லீக் மேற்கொண்ட விதித்திருத்தங்களை விவாதிக்கும்போது அந்த மோதல் இன்றும் எடுத்துக்காட்டாகிறது. பேட்ரிக் எலியாஷ் அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார்.

இறுதித் தொடரில் எதிரணி நடப்புச் சாம்பியன் டாலஸ் ஸ்டார்ஸ். ஐந்தாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை நீண்டு 0–1 என்று கைவிட்டுப் போனது. ஆறாவது ஆட்டத்தில் முன்வரிசை வீரர் பெட்ர் சிகோரா மோதலில் காயமடைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் எலியாஷ் கொடுத்த பாஸை ஜேசன் ஆர்னாட் கோலாக்கினார். கொண்டாட்டத்தின்போது ராபின்சன் சிகோராவின் சட்டையை அணிந்திருந்தார். பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான விருது ஸ்டீவன்ஸுக்குப் போனது.

அதன் பிறகு

2000–01 பருவத்தில் டெவில்ஸ் லீக் அட்டவணையில் 111 புள்ளிகளுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. இறுதித் தொடரில் கொலராடோ அவலாஞ்சுக்கு எதிராக 3–2 என்று முன்னிலை பெற்று, உள்ளூரில் ஆறாவது ஆட்டத்தை 0–4 என்றும், ஏழாவதை 1–3 என்றும் இழந்தது. ஓர் ஆட்டம் மாறியிருந்தால் ராபின்சனைப் பற்றிய மதிப்பீடுகள் வேறாக இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இந்தப் பருவமே. அடுத்த பருவத்தில் 51 ஆட்டங்களில் 21 வெற்றிகள்தான் வந்தன. 2002 ஜனவரி 28 அன்று லாமொரெல்லோ அவரை நீக்கினார். இங்கே கவனிக்க வேண்டியது, அவர் அமைப்பைவிட்டு விலகாததுதான். சிறப்புப் பணிப் பயிற்சியாளராகத் திரும்பி, பேட் பர்ன்ஸ் தலைமையில் அணி 2003இல் வென்ற கோப்பையிலும் பங்கு பெற்றார். நீக்கிய மேலாளரும் நீக்கப்பட்டவரும் ஓராண்டுக்குள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது, தன்முனைப்பு மிகுந்த இந்தத் தொழிலில் எளிதில் காணக்கிடைக்காது.

2005இல் பர்ன்ஸ் புற்றுநோயால் திரும்ப முடியாத நிலையில் லாமொரெல்லோ மறுபடியும் ராபின்சனை நாடினார். காலம் மோசமாக அமைந்தது. ஒரு பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பின் லீக் விதிகளைத் திருத்தி, எதிராளியைப் பிடித்தும் மட்டையால் கொக்கியிட்டும் தடுப்பதைக் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியிருந்தது. தளத்தின் குறுக்கே உள்ள இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸும் அனுமதிக்கப்பட்டது. நடுத்தளத்தை அடைத்து வளர்ந்த அணிக்கு இவை இரண்டுமே அடி. ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். நீடர்மேயர் அனாஹைமுக்குப் போய்விட்டார். எலியாஷ் கல்லீரல் அழற்சியால் பருவத்தின் முற்பகுதியை இழந்தார். அணி 14 வெற்றி, 13 தோல்வி, ஐந்து கூடுதல் நேரத் தோல்வி என்று நின்றபோது, டிசம்பர் 19 அன்று, மன அழுத்தம் தன் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று சொல்லி ராபின்சன் விலகினார். லாமொரெல்லோவே பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றார், எலியாஷ் திரும்பினார், அணி 101 புள்ளிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிரச்சினை ராபின்சனிடம் இருந்தது என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டினர். இரண்டு முதன்மைத் தடுப்பாட்டக்காரர்களை ஒரே கோடையில் இழந்த அணியின் முதல் 32 ஆட்டங்களை வைத்து அப்படிச் சொல்வது அவசரம். ஆனால் தோல்விகளின் சுமையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்ட செயல் அந்த விலகல்.

ஒப்பீட்டுக்கு ராண்டி கார்லைலைப் பார்க்கலாம். அவரும் தடுப்பாட்டக்காரர், 1981இல் நோரிஸ் விருது பெற்றவர். 2007இல் அனாஹைம் டக்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வென்றார். கறாரான, வீரர்களுடன் இடைவெளி வைத்துப் பழகும் பயிற்சியாளர் அவர். அந்த அணியின் தலைவராகக் கோப்பையை உயர்த்தியதோடு கான் ஸ்மைத் விருதையும் வாங்கியவர், ராபின்சன் நியூ ஜெர்சியில் வளர்த்த நீடர்மேயர். ஒருவர் செதுக்கிய வீரரை வைத்து இன்னொருவர் ஆட்சி செய்தார். இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ராபின்சன் அதன் பின் தலைமைப் பதவியை ஏற்கவேயில்லை. டெவில்ஸில் மீண்டும் துணைப் பயிற்சியாளராகி, 2012இல் பீட்டர் டிபோர் தலைமையில் அணி இறுதித் தொடரை எட்டியபோது உடன் இருந்தார். பிறகு சான் ஹோசே ஷார்க்ஸில் சில ஆண்டுகள் பயிற்சியாளராகவும் வீரர் வளர்ச்சிப் பொறுப்பிலும் பணியாற்றினார். இதற்கிடையே 2007 நவம்பரில் மொன்றியல் அணி அவருடைய 19ஆம் எண் சட்டைக்கு, இனி வேறு யாரும் அணியாதபடி, ஓய்வு கொடுத்திருந்தது. செயின்ட் லூயிஸ் புளூஸின் மூத்த ஆலோசகராக அவர் இருந்த 2018–19 பருவத்தில், அந்த அணியும் நடுவழியில் தலைமைப் பயிற்சியாளரை மாற்றியது. ஜனவரித் தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் கிடந்த அணி, இடைக்காலப் பயிற்சியாளர் கிரெய்க் பெருபேயின் கீழ் ஜூன் மாதம் கோப்பையை வென்றது. ராபின்சனுக்கு அது பத்தாவது ஸ்டான்லி கோப்பை: ஆட்டக்காரராக ஆறு, தலைமைப் பயிற்சியாளராக ஒன்று, மற்ற மூன்றும் இன்னொருவரின் தலைமையில் பணியாற்றியபோது கிடைத்தவை.